அண்ணாச்சி, ரோட்கிங்குக்கு ரப்பர் இருக்கா?

இடம்: சென்னை ஜி.பி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்து. ஆள் சற்றுத் திரும்பினால் ஏதாவது ஒரு அட்டைப்பெட்டி கீழே விழும் அளவுக்கு ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கல்லாவில் அண்ணாச்சி, குலசேகரத்துக்காரர். வெளியே சேகர், முதுகில் ஒரு பை, கையில் நான்கு பக்கத்துக்கு ஒரு பட்டியல்.

சேகர்: அண்ணாச்சி, பழைய யெஸ்டி ரோட்கிங் பைக்குக்கு ரப்பர் இருக்கா?

அண்ணாச்சி: எந்த ரப்பர்?

சேகர்: எல்லா ரப்பரும்தான்.

அண்ணாச்சி: அப்போ அது நிற்கிற வண்டி. ஓடுகிற வண்டிக்காரன் ஒரே ஒரு ரப்பர்தான் கேட்பான், அதையும் மெக்கானிக்கை போனில் வைத்துக்கொண்டு அவசரமாகக் கேட்பான். எத்தனை வருஷமாய் நிற்கிறது?

சேகர்: அது மாமனாருக்குத்தான் தெரியும், அவருடைய வண்டி. கல்யாணமான புதிதில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன், "சாப்பிடுங்க மாப்பிள்ளை" என்று பேச்சை மாற்றிவிட்டார். இப்போது முட்டி தேய்ந்து கிக்கர் உதைக்க முடியவில்லை, அதனால் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஆனால் ரப்பர் சாமான் அத்தனையும் ஒரிஜினலாகப் போட்டு, அவர் வந்து பார்த்துத் திருப்தியான பிறகுதான் ஆர்.சி.யில் பெயர் மாற்றக் கையெழுத்துப் போடுவாராம்.

அண்ணாச்சி: ஒரிஜினலா! மைசூரில் யெஸ்டி செய்துகொண்டிருந்த ஐடியல் ஜாவா கம்பெனியை மூடியது 1996-ல். அந்த வருஷம் பிறந்த பையன் இப்போது என் கடைக்கு வந்து தன் பிள்ளைக்கு ஹெல்மெட் கேட்கிறான்.

சேகர்: அதான் 2022-ல் யெஸ்டி திரும்ப வந்துவிட்டதே, அந்த வண்டி ரப்பர் ஒத்துவராதா?

அண்ணாச்சி: பெயர்தான் ஒத்துவரும். அது நாலு ஸ்ட்ரோக், உள்ளே தண்ணீர் ஓடுகிற 334 சிசி எஞ்சின். உன் வண்டி ரெண்டு ஸ்ட்ரோக், போகிற காற்றில் ஆறிக்கொள்ளும். சரி, சாம்பிள் ஏதாவது கொண்டுவந்தாயா?

(சேகர் பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்து பயபக்தியோடு நீட்டுகிறார். அண்ணாச்சி திறந்து பார்க்கிறார்.)

அண்ணாச்சி: எள்ளுப்பொடி இருக்கு. இட்லி எங்கே?

சேகர்: அது செயின் பெல்லோஸ், அண்ணாச்சி. கழற்றும்போது முழுசாகத்தான் இருந்தது, கையில் எடுத்ததும் இப்படி ஆகிவிட்டது.

அண்ணாச்சி: இதை வைத்து நான் என்ன அளவு பார்க்க? நல்லவேளை, இந்த வண்டிக்குச் செயின் முழுக்க மூடின கவருக்குள் ஓடும், எஞ்சினுக்கும் பின்னால் இருக்கிற கவருக்கும் நடுவில் மேலே ஒன்று கீழே ஒன்று என்று ரெண்டு மடிப்புக் குழாய், அதனால் பொடியாய் வந்தாலும் ஆளைத் தெரிகிறது. ஜோடி இருநூற்றைம்பது. அடுத்தது?

சேகர்: அதற்கு முன்னால் ஒன்று. வேறொரு கடையில் இதே பெல்லோஸ் சீல் பிரிக்காத பாக்கெட்டில் இருக்கு. கம்பெனி ஓடிய காலத்துச் சரக்கு, ஆயிரத்து எண்ணூறு சொல்கிறார்கள். உங்களிடம் அந்த மாதிரி இருந்தால் விலை முன்னே பின்னே பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணாச்சி: என்னிடமும் இருந்தது, போன பொங்கலுக்குப் பழைய சாமானோடு தூக்கிப் போட்டுவிட்டேன்.

சேகர்: ஐயோ! சீல் பிரிக்காததையா?

அண்ணாச்சி: தம்பி, பாக்கெட்டைப் பிரிக்காவிட்டால் வயசாகாது என்றால் நான் பிறந்த அன்றைக்கே ஒரு கவருக்குள் போய்ப் படுத்திருப்பேனே. பிஸ்டன் கேள், கியர் கேள், பழைய ஸ்டாக் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு, துருப்பிடிக்காத இரும்புக்கு முப்பது வருஷம் ஒரு பொருட்டே இல்லை. ரப்பர் அப்படி இல்லை, ஓடினாலும் ஓடாவிட்டாலும் காற்றும் சூடும் அதைத் தின்றுகொண்டேதான் இருக்கும், மூடி வைத்தால் கொஞ்சம் மெதுவாகத் தின்னும். டயர் வாங்கும்போது பக்கவாட்டில் நாலு இலக்கம் பார்ப்பாயா இல்லையா?

சேகர்: நான் டிசைன்தான் பார்ப்பேன்.

அண்ணாச்சி: விளங்கும். 2319 என்று போட்டிருந்தால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது என்று அர்த்தம். டயருக்காவது தேதி அடிக்கிறான், இந்தச் சின்ன ரப்பருக்கெல்லாம் அதுவும் கிடையாது. மடக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மடக்கின இடத்தில் மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடினால் கீழே வை. நகத்தால் அழுத்தினால் தடம் மறைந்து பழையபடி எழும்ப வேண்டும், கல் மாதிரி இருந்தாலும் வேண்டாம், பிசுபிசு என்றிருந்தாலும் வேண்டாம். அந்த ஆயிரத்து எண்ணூற்றுக்காரன் மடக்கிப் பார்க்க விடுவானா?

சேகர்: பாக்கெட்டையே தொட விடவில்லை. ரெண்டு கையாலும் அவரே பிடித்துக்கொண்டார்.

அண்ணாச்சி: விவரமான ஆள். இன்னொன்றும் கேட்டுக்கொள், இழுத்த நிலையில் நிற்கிற ரப்பரை ஓசோன் குறுக்கே கீறிவிடும்.

சேகர்: ஓசோனா? அதில் ஓட்டை விழுந்துவிட்டது, ஆபத்து என்றல்லவா பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்?

அண்ணாச்சி: மேலே குறைந்தால் நமக்கு ஆபத்து, கீழே கொஞ்சம் இருந்தாலும் ரப்பருக்கு ஆபத்து. மோட்டார் ஓடுகிற இடத்திலும் வெல்டிங் பட்டறையிலும் அது அதிகம், அங்கே ரப்பரைத் தொங்கவிட்டு வைக்கக் கூடாது.

(சேகர் பட்டியலில் ஏதோ குறித்துக்கொள்கிறார். வெளியே ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கிறது, ஒரு பெட்டி கீழே விழுகிறது, யாரும் கண்டுகொள்ளவில்லை.)

சேகர்: சரி, புதுசே கொடுங்கள். ஆனால் நல்ல நாட்டு ரப்பராக இருக்க வேண்டும். நீங்களே குலசேகரம், வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரம், பால் வெட்டி ஷீட் அடிக்கிற ஊர். ஒரு பெட்ரோல் டியூப் அந்தச் சுத்தமான பாலில் செய்தது கிடைக்காதா?

அண்ணாச்சி: கிடைக்கும். போட்டால் பெட்ரோலைக் குடித்துவிட்டு உப்பிக்கொண்டு நிற்கும். பெட்ரோலும் எண்ணெயும் படுகிற இடத்துக்கு நைட்ரைல் என்று செயற்கை ரப்பர், ஃபேக்டரியில் கெமிக்கலில் செய்தது, எங்கள் ஊர் மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு கலக்கிறார்கள், பழைய டியூப் அதைத் தாங்காது. அதிர்ச்சி வாங்குகிற இடம் என்றால் சரி, அங்கே எங்கள் ஊர்ச் சரக்கு ராஜா. அடுத்ததைச் சொல்.

சேகர்: கிராங்க் ஆயில் சீல். யெஸ்டி சீல்.

அண்ணாச்சி: சீல் என்றால் எஞ்சின் தண்டைச் சுற்றி ஆயில் கசியாமல் பிடிக்கிற வளையம், அதில் யெஸ்டி சீல் என்று ஒன்று கிடையாது. பழைய சீல் முகத்தைத் துடைத்துப் பார், மூன்று எண் இருக்கும். உள் விட்டம், வெளி விட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். எதிர்ச் சாரியில் பேரிங் கடை இருக்கு, எந்த வண்டி என்று வாயைத் திறக்காமல் அந்த மூன்று எண்ணை மட்டும் சொல், வண்டிப் பெயரைச் சொன்னால் விலை ஏறிவிடும்.

சேகர்: அப்போ அவன் டிராக்டருக்குப் போடுகிற சீலை என் ரோட்கிங்குக்குக் கொடுத்துவிட்டால்?

அண்ணாச்சி: அளவு ஒன்றாய் இருந்தால் தண்ணீர் மோட்டாருக்குப் போடுகிற சீலைக் கூடக் கொடுப்பான். அது எந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சூடும் வேகமும் தாங்குகிற ரகமா என்று மட்டும் கேட்டுக்கொள், எஞ்சின் சீலில் காசை மிச்சம் பிடிக்காதே, ரெண்டு ஸ்ட்ரோக்கில் அது விட்டுப்போனால் கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சிக் குடித்துவிட்டுத் தெரு முழுக்கக் கொசு மருந்து அடிக்கும்.

சேகர்: பின்சக்கரத்துக்குள் அதிர்ச்சி வாங்குகிற கப்ளிங் ரப்பர்?

அண்ணாச்சி: ரெண்டு ரகம் இருக்கு. இது நூற்றிருபது, இது முந்நூறு. விலை குறைந்ததில் ரப்பரை விட சுண்ணாம்புத்தூள்தான் அதிகம், நாலு நாளில் நசுங்கிவிடும், அப்புறம் ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போதெல்லாம் பின்சக்கரத்தில் டொக் டொக் என்று கதவைத் தட்டும்.

சேகர்: நூற்றிருபதையே கொடுங்கள், மாமனார் சக்கரத்தைக் கழற்றியா பார்க்கப் போகிறார்?

அண்ணாச்சி: ஓட்டப்போவது நீயா, அவரா?

சேகர்: ...முந்நூறே கொடுங்கள். அப்புறம் கியர் லீவர் ரப்பர் ஒன்று, கிக்கர் ரப்பர் ஒன்று.

அண்ணாச்சி: (நிமிர்ந்து பார்க்கிறார்) ரெண்டா?

சேகர்: ஆமாம், ரெண்டு.

அண்ணாச்சி: தம்பி, இந்த வண்டியை நீ ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தாயா?

சேகர்: எப்படிப் பண்ணுவது? கிக்கரையே யாரோ கழற்றி விற்றுவிட்டார்கள் போல. வலது பக்கம் முழுக்கத் தேடிவிட்டேன், மச்சினன் மேல்தான் சந்தேகம், அவனிடம் ரெண்டு வாரமாகப் பேசுவதில்லை.

அண்ணாச்சி: இடது பக்கம் கியர் லீவர் இருக்கா?

சேகர்: இருக்கு.

அண்ணாச்சி: அதை உள்பக்கம் அழுத்தித் திருப்பினால் அதுதான் கிக்கர். உதைத்து முடித்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் மறுபடியும் கியர். யெஸ்டிக்கு முந்தின ஜாவா வண்டி காலத்திலிருந்து அப்படித்தான். ஒரே லீவர், ஒரே ரப்பர், நாற்பது ரூபாய். மச்சினனுக்கு ஒரு போன் போடு.

சேகர்: (சற்று நேரம் கழித்து) அவன் அன்றைக்கே சொன்னான். நான்தான் பேச்சை மாற்றுகிறான் என்று நினைத்தேன்.

அண்ணாச்சி: ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் சேர்த்துப் போட்டிருக்கிறேன். ஏறாது, அதற்காகத் தேங்காய் எண்ணெய் தடவிவிடாதே, அப்புறம் காலை வைக்கும்போதெல்லாம் சுற்றும். வெந்நீரில் பத்து நிமிஷம் போட்டு, சோப்புத் தண்ணீர் தொட்டு ஒரே தள்ளாய்த் தள்ளு. எல்லாம் சேர்த்து அறுநூற்றெழுபது.

சேகர்: அறுநூறாக்குங்கள்.

அண்ணாச்சி: அறுநூற்று ஐம்பது. கிக்கர் எங்கே என்று காட்டியதற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை.

(சேகர் பணத்தை எடுக்கப் பையைத் திறக்கிறார். உள்ளிருந்து மஞ்சளாகிப்போன ஒரு பாக்கெட் எட்டிப் பார்க்கிறது.)

அண்ணாச்சி: அது என்ன?

சேகர்: அது... அந்த ஆயிரத்து எண்ணூறு.

அண்ணாச்சி: தொடவே விடவில்லை என்றாயே!

சேகர்: வாங்குவதற்கு முன்னால் தொட விடவில்லை. வாங்கின பிறகு கையில் கொடுத்துவிட்டார். திருப்பி எடுக்க மாட்டாராம்.

(அண்ணாச்சி பாக்கெட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடிக்கிறார், பிளாஸ்டிக்கோடு சேர்த்து லேசாக மடக்குகிறார். உள்ளே ‘மொறுக்’ என்று ஒரு சத்தம்.)

சேகர்: போச்சா?

அண்ணாச்சி: ரப்பர் போச்சு. ஆனால் பாக்கெட் முதல்தரம். கம்பெனிப் பெயர், அச்சு, எல்லாம் பளிச்சென்று இருக்கு.

(இருவரும் கவுண்டர் மேல் இருக்கும் புது பெல்லோஸைப் பார்க்கிறார்கள். அப்புறம் பாக்கெட்டைப் பார்க்கிறார்கள்.)

சேகர்: அண்ணாச்சி, மாமனாருக்கு இப்போது கண்ணும் அவ்வளவாகத் தெரியாது...

அண்ணாச்சி: கடையில் அந்த மாதிரி வேலை கிடையாது. நாற்பது வருஷமாய் நான் சரக்கை மாற்றிக் கொடுத்தது இல்லை.

சேகர்: தப்புத்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி: வீட்டில் வைத்துச் செய். அடிப்பக்கமாகக் கிழி, மேலே இருக்கிற அச்சில் கத்தி படக் கூடாது. இந்தா, ஸ்டேப்ளர். நாளைக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடு.