ஹோமர் மேயர் ஆகவில்லை

'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் 'டிராஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்' எபிசோடு பற்றி, அதில் சிம்ப்சன் குடும்பத்தின் அப்பாவான ஹோமர், கதை நடக்கும் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டின் மேயராகி ஊர்ப் பணத்தைச் சுருட்டுகிறார் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். நல்ல எபிசோடை நினைவுபடுத்தியதற்கு நன்றி. ஆனால் விவரம் அப்படி இல்லை.

ஹோமர் போட்டியிட்டு ஜெயிப்பது துப்புரவு ஆணையர் பதவிக்கு. தோற்பவர் ரே பேட்டர்சன், வேலை தெரிந்த அனுபவசாலி. மேயர் கடைசிவரை குவிம்பிதான்; ஒரு வருட நிதியை ஒரே மாதத்தில் தீர்த்துவிட்டதற்காக ஹோமரைத் திட்டுபவரும் அவரே. அப்புறம் ஹோமர் பெட்டி நிறையப் பணத்தோடு வருவாரே, அது சம்பளம் கேட்டு நிற்கும் தொழிலாளர்களுக்குப் போகிறது. வெளியூர்க் குப்பையைப் பழைய சுரங்கத்தில் கொட்ட அனுமதித்து வாங்கிய காசு அது. தப்புதான், ஆனால் சொந்தப் பைக்குள் போட்டதாகக் காட்டவில்லை. வாக்குறுதியை அள்ளி வீசியவர் அதைக் காப்பாற்ற எதுவரை போகிறார் என்பதில்தான் கதையின் பலமே இருக்கிறது.

சரிபார்ப்பது சுலபம்: ஒன்பதாவது சீசன், 22ஆவது எபிசோடு, 1998 ஏப்ரலில் வந்தது. தேர்தல் பிரசாரக் காட்சிகளைப் பார்த்தாலே எந்தப் பதவி என்று தெரிந்துவிடும்.