ஆப்கன் சர்ச்: கட்டியது ஆப்கானியர் அல்ல

மும்பை கொலாபாவில் இருக்கும் ஆப்கன் சர்ச், அங்கே குடியேறிய ஆப்கானிய வணிகர்கள் கட்டியது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். பெயரைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும், தப்பில்லை. ஆனால் விஷயம் வேறு நண்பரே.

அதன் முறையான பெயர் புனித யோவான் ஆலயம். 1838இல் தொடங்கிய முதல் ஆப்கன் போரிலும், அதையடுத்து சிந்துவில் நடந்த போரிலும் இறந்தவர்களின் நினைவாக ஆங்கிலேயர் எழுப்பியது. 1847இல் அடிக்கல் நாட்டி, 1858இல் பிரதிஷ்டை செய்தார்கள். கூர்முனை வளைவுகளும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுமாக முழுக்க கோதிக் பாணி.

நம்ம தாராவி, மாட்டுங்கா பக்கம் இருப்பவர்கள் ஒருநாள் நேரிலேயே பார்த்துவிடலாம். சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்திலிருந்து நேவி நகர் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். உள்ளே போய், பலிபீடப் பகுதியில் இருக்கும் நினைவு வாசகத்தைப் படியுங்கள். அதிகாரிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். சாதாரணச் சிப்பாய்களின் பெயர் இருக்காது. எழுத முடியாத அளவுக்கு அதிகம் பேர் என்று அந்த வாசகமே சொல்கிறது. அந்த வரிக்கு முன்னால் நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன். போக முடியாதவர்கள் பழைய பம்பாய் நகர கெஜட்டியரை, அதாவது அரசு வெளியிட்ட நகர விவரத் தொகுப்பை, புரட்டிப் பார்க்கலாம்.