அந்தப் பேரில் சிரிக்க என்ன இருக்கிறது?

சனிக்கிழமை எங்கள் ஊரில் நடந்த பரிசளிப்பு விழா வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளையின் பேரை இங்கே திரும்ப எழுதமாட்டேன், அவனுக்குப் பட்டது போதும். மைக் பிடித்தவர் பேரை வாசித்துவிட்டு, "இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பேரா?" என்றார். மண்டபமே சிரித்தது. திருகோணமலையில் இருந்துகொண்டு எங்கள் ஊர்ச் சிவன் கோணேசரின் பேருக்குச் சிரித்திருக்கிறோம்.

உங்கள் பிள்ளைக்கு என்ன பேரும் வையுங்கள். அடுத்தவர் பிள்ளையின் பேருக்குச் சிரிக்காதீர்கள்.

பேர்கள் மாறும், தெரியும். என் அப்பப்பா கோணாமலை. அவர் வயதுக்காரர் கந்தையா, நாகமணி, சின்னத்தம்பி. அப்பா காலத்தில் யோகராசா, தர்மலிங்கம். என் வகுப்பில் சுரேஷும் ரமேஷும்தான். அப்புறம் நிரோஷன், டிலக்சன். இப்போது சாத்திரியார் தரும் எழுத்து, எண் கூட்டல், மிச்சத்துக்கு இன்டர்நெட். சின்னராசா, மணியன் என்று படலையில் நின்று கூப்பிடும் வீட்டுப் பேர்களும் போய்விட்டன. மாறட்டும். அதற்காகச் சிரிக்க வேண்டுமா?

"பழைய பேர் வைத்தால் பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணுவார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். முதலில் சிரித்தது முன்வரிசைப் பெரியவர்கள்.

"வெளிநாட்டில் வாயில் நுழையாது" என்கிறார்கள். கனடாக்காரருக்கு வசதியாகத் தம்பலகாமத்தில் பேர் வைக்க வேண்டுமா? ஞானசம்பந்தர் எங்கள் கோணமாமலையைப் பாடியவர். அந்தச் சம்பந்தன் என்ற பேரோடுதான் எங்கள் ஊர்க்காரர் 2015இல் இலங்கை நாடாளுமன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவரானார். யாருக்கு நுழையாமல் போனது?

என் மகன் சித்திரவேல். வெருகல் முருகனுக்கு நேர்ந்து பிறந்தவன். பேர் வைத்த அன்றே என் சொந்தங்கள் "கிழவன் பேர்" என்றார்கள். மனைவி அன்றிரவு அழுதாள். சனிக்கிழமை அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அவன், "அப்பா, இனி சித்து என்று மட்டும் சொல்லட்டுமா?" என்று கேட்டான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். அப்போதும் கோணேசரின் பேரைச் சனம் விடவில்லை. இன்று யாரும் இடிக்கவில்லை, நாமே வெட்கப்பட்டு விடுகிறோம். எங்கள் ஒழுங்கையில் அப்பப்பாவின் பேரோடு இப்போது ஒரு பிள்ளையும் இல்லை.

"சின்ன விஷயத்தைப் பெரிதாக்காதே" என்று இன்பாக்ஸில் சொல்பவர்களே, மேடையில் நின்றது உங்கள் பிள்ளை இல்லை.

அந்த அறிவிப்பாளரிடம் கேட்பது ஒன்றுதான். பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள். தாய் தகப்பனுக்கு முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள், முழுப் பேரையும் சொல்லி.