முதல் கிரெடிட் கார்டு வாங்கியவர்களுக்கு: மினிமம் ட்யூ என்கிற அந்தச் சின்னத் தொகை

கிரெடிட் கார்டு பில்லில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று, மொத்தம் கட்ட வேண்டியது. இன்னொன்று மினிமம் ட்யூ, குறைந்தபட்சம் கட்ட வேண்டியது. புதிதாகக் கார்டு வாங்கியிருக்கிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் பேசுவது இந்த இரண்டாவது தொகையைப் பற்றித்தான்.

என் முதல் கார்டில் மூன்று மாதம் அதை மட்டுமே கட்டிக்கொண்டிருந்தேன். "வட்டியில்லாமல் பொருள் வாங்கலாம்" என்று சொல்லித்தான் கார்டைக் கொடுத்தார்கள். மாதாமாதம் மினிமம் கட்டினால் போதும் என்றும் சொன்னார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே உண்மை. சேர்ந்து நடக்காது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. நான்காவது பில்லைத்தான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். இரண்டாவது பில்லிலிருந்தே வட்டி ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை.

மினிமம் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, தவணை தவறியவர் என்ற பெயரும் வராது. அவ்வளவுதான். வட்டியை அது நிறுத்தாது.

வட்டியில்லாக் காலம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். உங்கள் பில் தேதி ஒவ்வொரு மாதமும் 4, கட்ட வேண்டிய கடைசி நாள் 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். 5ஆம் தேதி ஒரு பொருள் வாங்கினால் அது அடுத்த மாதம் 4ஆம் தேதி பில்லில்தான் வரும். 24ஆம் தேதி கட்டலாம். கிட்டத்தட்ட 50 நாள் கிடைக்கிறது. அதே பொருளை 3ஆம் தேதி வாங்கியிருந்தால் மறுநாளே பில்லில் ஏறிவிடும், கையில் இருப்பது 21 நாள். விளம்பரத்தில் "50 நாள் வரை" என்று போட்டிருப்பார்களே, அந்த "வரை"க்கு இதுதான் அர்த்தம்.

இந்தச் சலுகை நிற்பது ஒரே ஒரு நிபந்தனையில்: மொத்தத் தொகையும் கெடுவுக்குள் போய்ச் சேர வேண்டும். கொஞ்சம் பாக்கி வைத்தால் அந்தப் பாக்கிக்கு மட்டும்தான் வட்டி என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பல கார்டுகளில் அப்படி இல்லை. 20,000 பில்லில் 19,000 கட்டியிருந்தாலும், பொருள் வாங்கிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டிய நாள் வரை முழு 20,000க்கும் வட்டி கணக்கிடுவார்கள். அதற்குப் பிறகுதான் மீதி 1,000க்கு. அதோடு, பாக்கி தீரும்வரை புதிதாக வாங்குகிற ஒவ்வொன்றுக்கும் வாங்கிய அன்றே வட்டி தொடங்கிவிடும். 50 நாளும் இல்லை, 21 நாளும் இல்லை.

ஏடிஎம்மில் அந்தக் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் பொதுவாக வட்டியில்லாக் காலமே கிடையாது. எடுத்த நாளிலிருந்து வட்டி, அதற்கு மேல் ஒரு கட்டணம். வேறு வழியே இல்லாதபோது தவிர அதைச் செய்யாதீர்கள்.

அப்புறம், "முதல் 12 மாதம் வாங்குதல்களுக்கு 0% வட்டி" என்று வரும் கார்டுகள். இவை வேறு வகை. இங்கே பாக்கி வைத்தாலும் அந்த 12 மாதத்துக்கு வட்டி இல்லை. ஆனால் மாதாமாதம் மினிமம் கட்டியே ஆக வேண்டும். ஒரு மாதம் தவறினால் சலுகையையே எடுத்துவிடும் உரிமை பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருக்கும். 60,000க்கு ஒன்று வாங்குகிறீர்கள். மாதம் 5,000 கட்டினால் சரியாக 12 மாதத்தில் முடிந்துவிடும், வட்டி பைசா கிடையாது. மினிமம் என்பது பாக்கியில் 5% என்று வைத்து அதை மட்டும் கட்டினால்? முதல் மாதம் 3,000, பாக்கி குறையக் குறைய அதுவும் குறையும். ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் சுமார் 32,400 நிற்கும். 13ஆம் மாதம் வழக்கமான வட்டி தொடங்குகிறது. மாதம் 3% என்றால் அந்த ஒரு மாதத்துக்கே 970 போல வரும். மாதம் 3% என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், வருடத்துக்கு 36%.

இன்னொரு வகையும் உண்டு. வட்டியை ஒத்திப்போடுவது. காலக்கெடு முடியும்போது சிறு தொகை பாக்கி இருந்தாலும் வாங்கிய நாளிலிருந்து சேர்ந்த மொத்த வட்டியையும் ஒரே அடியாகப் போடுவார்கள். "வட்டி இல்லை" என்றிருக்கிறதா, "கெடுவுக்குள் முழுதும் கட்டினால் வட்டி இல்லை" என்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கார்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முழுத் தொகையும் கட்டுகிறவருக்கு உண்மையிலேயே அது இலவசக் கடன். நீங்கள் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரருக்கு வர வேண்டிய பணத்தில் ஒரு சிறு பங்கு வங்கிக்குப் போகிறது, அதனால் அவர்களுக்கு நஷ்டம் என்று கவலைப்பட வேண்டாம். என் ஆதங்கமெல்லாம் ஆப்பிலோ இணையத்திலோ நாம் பில் கட்டும் அந்தத் திரையைப் பற்றித்தான். முதலில் தேர்வாகி நிற்க வேண்டியது மொத்தத் தொகை. மினிமம் கட்டுகிறவருக்கு, "இதனால் உங்களுக்கு இவ்வளவு வட்டி வரும்" என்று அந்த இடத்திலேயே எண்ணில் காட்ட வேண்டும். கணக்கு அவர்களிடம் இருக்கிறது. காட்ட முடியாது என்றில்லை.

கார்டு வந்த அன்றே, வங்கிக் கணக்கிலிருந்து பில் பணம் தானாகவே போகிற மாதிரி ஆட்டோ டெபிட் போடுங்கள். அதில் மினிமமா, முழுத் தொகையா என்று கேட்கும், முழுத் தொகையைத் தேர்ந்தெடுங்கள். பில் தேதியை மாற்றிக்கொள்ள வசதி இருந்தால், சம்பளம் வந்த சில நாளில் கெடு விழுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பாக்கியில் மாட்டியிருப்பவர்கள் அந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்காமல் நிறுத்துங்கள். பிறகு கஸ்டமர் கேருக்குப் போன் செய்து, "இன்றைக்கே கணக்கை முழுதாகத் தீர்க்க எவ்வளவு?" என்று கேளுங்கள். பில்லில் இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகச் சொல்லக்கூடும். பில் போட்ட நாளுக்கும் இன்றைக்கும் நடுவில் ஓடிய வட்டி அது. அதையும் சேர்த்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நீங்கள் நினைத்த பிறகு, அடுத்த மாதம் ஒரு சிறு தொகைக்குப் பில் வரும்.