பேர் மாறியதற்கெல்லாம் டேட்டாவைக் கொல்லாதீர்கள்

முந்தாநாள் லினக்ஸ் சர்வர் பூட் ஆகவில்லை என்று தமிழில் உதவி கேட்ட ஒரு தம்பியின் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எம்டி0 என்று பேர் இருந்த ரெய்டு (பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் அமைப்பு) ரீபூட்டுக்கு அப்புறம் எம்டி127 என்று வந்திருக்கிறது, எதை எந்த ஃபோல்டரில் மவுண்ட் செய்வது, அதாவது இணைப்பது, என்று பூட்டின்போது சொல்லும் எஃப்எஸ்டாப் ஃபைலில் எம்டி0 என்றே எழுதியிருந்ததால் சர்வர் 90 நொடி காத்துப் பார்த்துவிட்டு ரிப்பேர் பார்க்க மட்டும் உதவும் எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துகொண்டது. இதற்கு ஒரு மேதாவி சொன்ன வைத்தியம், "எம்டிஅட்ம் கிரியேட் போட்டு மறுபடி உருவாக்கிடு."

ஐயா, மாறியது பேர் மட்டும்தான். டேட்டா அப்படியே இருக்கிறது. எம்டிஅட்ம் என்பது ரெய்டைக் கையாளும் கமாண்ட்; அதில் கிரியேட் போட்டால் ரெய்டின் விவரங்கள் இருக்கும் சூப்பர்பிளாக்கைப் புதிதாக எழுதும், ரெய்டு 5 என்றால் கடைசி டிஸ்கை ரீபில்ட் செய்கிறேன் என்று அதன் மேலேயே எழுத ஆரம்பிக்கும், டிஸ்க் வரிசை மாறியிருந்தால் அவ்வளவுதான், சோலி முடிந்தது. செய்ய வேண்டியது என்ன? முதலில் ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டைப் பார். டிஸ்க் எல்லாம் 'யூ' (நன்றாக ஓடுகிறது) காட்டினால் மூச்சு விடு. எம்டிஅட்ம் டீடெய்ல் ஸ்கேன் தருகிற வரியை எம்டிஅட்ம் கான்ஃப் ஃபைலில் சேர்த்துவிட்டு, டெபியன், உபுண்டு என்றால் இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் குட்டி ஃபைல்சிஸ்டத்தை) அப்டேட் செய், ரெட்ஹாட் வகை என்றால் அதே வேலைக்கு டிராகட். பூட் ஆகும்போது படிக்கப்படுவது இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் அந்தக் கான்ஃபின் பழைய நகல்தான். அதில் இந்த ரெய்டு இல்லாமல், சூப்பர்பிளாக்கில் உள்ள ஹோஸ்ட்நேமும் (மெஷினின் பேரும்) ஒத்துவராமல் போனால், வேற்று மெஷினின் ரெய்டு என்று நினைத்து 127-லிருந்து கீழ்நோக்கி நம்பர் கொடுக்கும். எஃப்எஸ்டாபில் எம்டி0-க்குப் பதில் யூயூஐடி (பேர் மாறினாலும் மாறாத அடையாளம்) போடு, பிளாக்ஐடி கமாண்ட் காட்டும் ஃபைல்சிஸ்டம் யூயூஐடி. ரெய்டின் யூயூஐடியைப் போட்டுவிட்டு என்னைத் திட்டாதே.

"நோஃபெயில் போட்டால் போதுமே" என்பீர்கள். மவுண்ட் ஆகாவிட்டாலும் பூட்டை நிறுத்தாதே என்று எஃப்எஸ்டாபில் சொல்வது அது. பூட் ஆகும், சரி. மவுண்ட் ஆகாத காலி ஃபோல்டரில் டேட்டாபேஸ் எழுத ஆரம்பிக்குமே, அதை யார் பார்ப்பது? "ஹார்டுவேர் ரெய்டு கார்டு வாங்கலாமே." வாங்கிக் கொடுங்கள். "கமாண்டின் கையேடான மேன் பேஜ் படிக்க வேண்டியதுதானே." ராத்திரி எமர்ஜென்சி மோடில் மாட்டிக்கொண்டு நிற்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது?

முன்பு வேலை பார்த்த இடத்தில் மதர்போர்டு போய், டிஸ்குகளைக் கழற்றி வேறு மெஷினில் போட்டோம். இதே எம்டி127. சீனியர் பார்த்தவுடனே "டேட்டா போச்சு, பேக்கப்பிலிருந்து எடுங்க" என்றார். ரெண்டு டிஸ்கும் நன்றாக இருக்கிறது, பேர்தான் மாறியிருக்கிறது என்று சொன்னேன், "உனக்கு என்ன தெரியும்" என்றார். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் மவுண்ட் செய்து காட்டினேன். மறுநாள் மேனேஜருக்குப் போன மெயிலில் என் பேர் இல்லை. பழைய கதைதான், ஆனால் முந்தாநாள் தம்பியின் பதிவுக்குக் கீழே அந்தச் சிரிப்பு எமோஜிகளைப் பார்த்தபோது அந்தச் சீனியரின் முகம்தான் ஞாபகம் வந்தது.

தமிழில் கேட்டதற்குக்கூடக் கிண்டல்! கேட்டவன் பதிவையே அழித்துவிட்டுப் போய்விட்டான். கிரியேட் போடச் சொன்னவரின் கமெண்டுக்கு எத்தனை லைக்! அந்த லைக் போட்டவர்களில் என் நண்பர்கள் பட்டியலில் இருந்தவர்கள் இப்போது இல்லை, தேடிப் பார்க்க வேண்டாம்.