காய்ந்த மரம் என்று சொல்லித் தண்ணீரை விற்கிறார்கள்

போன வியாழக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். கூடத்தில் ‘படார்’ என்று ஒரு சத்தம். பாத்திரம் ஏதோ உருண்டுவிட்டது என்று எழுந்து போய் விளக்கைப் போட்டேன். பாத்திரமெல்லாம் வைத்த இடத்தில்தான் இருந்தது. மூன்று மாதம் ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து நான் செய்த சாப்பாட்டு மேசையின் மேல்பலகை நீளவாக்கில் விரிந்து கிடந்தது. விரிசலில் ஒரு ரூபாய் நாணயத்தை நிறுத்தினால் அப்படியே உள்ளே போய்விடும்.

வயிறு எரிகிறது. எழுதாமல் ஆறாது.

அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. தரையில் சம்மணம் போட்டு உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. கடைகளில் ஏறி இறங்கிப் பார்த்தேன். பளபளவென்று நிற்கிற மேசையைக் குனிந்து அடியில் பார்த்தால் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. இரண்டு முறை ஈரத்துணியால் துடைத்தால் ஓரம் உப்பிக்கொண்டு வரும். சரி, நாமே செய்வோம் என்று முடிவெடுத்தேன். பண்ணைவீடுகளில் போடுவார்களே, தடித்த பலகையும் தூண் மாதிரி நாலு காலுமாக, நாலு பேர் சேர்ந்து தூக்கினால்தான் நகரும், அந்த மாதிரி. ஆறடி நீளம், மூன்றடி அகலம். ஒன்றரை அங்குல மேல்பலகை, மூன்றரை அங்குலச் சதுரக் கால். ஆணியை நம்பாமல் காலில் துளை எடுத்து, சட்டத்தின் முனையில் அந்தத் துளைக்குள் இறங்குகிற நாக்கை, அதாவது கழுந்தைச் செதுக்கிப் பொருத்தினேன். என் தாத்தா ஆசாரி இல்லை, ஆனால் உளி பிடிக்கத் தெரிந்தவர். கொஞ்சம் அவரிடம் பார்த்துக் கற்றது, மிச்சம் கெடுத்துக் கெடுத்துக் கற்றது.

மரத்துக்கு வேம்பு போதும் என்று மரக்கடைக்குப் போனேன். நான் கேட்ட முதல் கேள்வியே, “அண்ணாச்சி, இது நல்லா காஞ்ச மரமா?” என்பதுதான். “தம்பி, ரெண்டு வருஷமா கிடக்கு. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க” என்றார். பலகையைத் தட்டியும் காட்டினார். கழிவு சேர்த்து ஐந்து கன அடி, கன அடி 900 ரூபாய். 4,500 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிளந்த மறுநாளே ஈரமானி ஒன்று வாங்கினேன். இரண்டு முள்ளைப் பலகையில் குத்தினால் எத்தனை சதவீதம் ஈரம் என்று காட்டுகிற சின்னக் கருவி. என் மேசையில் 13 காட்டியது. நேராக அதே கடைக்குப் போய், நான் எடுத்த அதே அடுக்கில் மிச்சம் கிடந்த பலகையில் குத்தினேன். 26!

இந்த 26-க்கு என்ன அர்த்தம் என்று சொல்கிறேன். மரத்துக்குள் நீர் இரண்டு இடத்தில் இருக்கும். நுண்ணிய குழாய்களுக்குள் சும்மா நிற்கிற நீர் ஒன்று, குழாய்ச் சுவருக்குள்ளேயே ஊறிய நீர் இன்னொன்று. வெட்டிய மரத்திலிருந்து முதலில் போவது குழாயில் நிற்கிற நீர். அது போகும்போது எடை குறையும், மரம் சுருங்காது. ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்க ஆரம்பித்த பிறகுதான் சுவரில் ஊறிய நீர் வெளியேறும், அப்போதுதான் மரம் சுருங்கும். அதாவது 26 சதவீதத்தில் இருக்கிற பலகை தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், தட்டினால் ஓரளவு சத்தமும் வரும். ஆனால் சுருங்க வேண்டியதில் பெரும்பகுதி இன்னும் பாக்கி. அந்தச் சுருக்கம் முழுக்க என் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே நடந்திருக்கிறது.

நீளவாக்கில் மரம் சுருங்குவது கண்ணுக்கே தெரியாது. அகலத்தில்தான் எல்லாம். அதிலும் மரத்தின் குறுக்குவெட்டில் தெரிகிற வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் பலகை சுருங்குவதோடு நிற்காமல் குழிந்தும் போகிறது. இதெல்லாம் தெரிந்துதான் மேல்பலகையை இறுக்கி ஸ்க்ரூ அடிக்காமல், சட்டத்தில் நீள்துளை போட்டு, பக்கத்துக்குக் கால் அங்குலம் நகர இடம் விட்டிருந்தேன். காய்ந்த மரமாக இருந்திருந்தால் அது தாராளம். இப்போது அளந்து பார்க்கிறேன், 36 அங்குலம் இருந்த பலகை 35 அங்குலமும் ஒரு நூலும்தான் (அரைக்கால் அங்குலம்) இருக்கிறது. கிட்டத்தட்ட ஒரு அங்குலம் காணோம். ஸ்க்ரூ துளையின் ஓரத்தில் போய் முட்டியிருக்கிறது, அதற்கு மேல் நகர வழியில்லாமல் மரம் வெடித்துவிட்டது. கழுந்துகளும் மெலிந்து, கால்கள் ஆட்டம் கொடுக்கின்றன. ஒவ்வொரு கழுந்தையும் துளைக்குள் கொட்டாப்புளியால் தட்டித்தான் இறக்கியிருந்தேன், அத்தனை இறுக்கம். இன்றைக்குக் கையால் பிடித்து ஆட்டினால் ஆடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து கன அடி வேம்பில் 26-லிருந்து 13-க்கு இறங்கினால் வெளியே போன தண்ணீர் 10 லிட்டருக்குக் குறையாது. முக்கால் குடம்! ஈர மரம் உப்பிப் பெருத்திருக்கும்போது அளந்த கன அடிக்குத்தான் நான் காசு கொடுத்திருக்கிறேன். பாலில் தண்ணீர் கலந்தால் சண்டைக்குப் போகிறோம். மரத்தில் கலந்தால் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை?

அண்ணாச்சியிடம் 26-ஐக் காட்டினேன். முகத்தைக்கூடத் திருப்பாமல், “மரம்னா விரியத்தான் தம்பி செய்யும்” என்றார். இல்லை அண்ணாச்சி. பதமாகக் காய்ந்த மரம் மழைக்குக் கொஞ்சம் உப்பும், வெயிலுக்குக் கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான். நடுராத்திரியில் வெடிக்காது. எங்கள் பழைய வீட்டு நிலைக்கதவு வேம்புதான். அதை அறுப்பதற்கு முன் தடியை ஊர்க்குளத்தில் மாசக்கணக்கில் ஊறப் போட்டதாகத் தாத்தா சொல்வார். மரத்துப் பாலும் மாவுச்சத்தும் கரைந்து போனால் வண்டு துளைக்காது. அப்புறம் அறுத்து, பலகைக்குப் பலகை ரீப்பர் என்கிற மெல்லிய கட்டை வைத்துக் காற்றோட்டமாக நிழலில் அடுக்கி வைப்பார்களாம். அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது கணக்கு. அந்தக் கதவு இன்றைக்கும் ஒரு விரல் தள்ளினால் திறக்கிறது. நேற்றுக் கட்டிய வீடுகளில்தான் ஐப்பசி மழைக்குக் கதவு சாத்தமாட்டேன் என்கிறது, பங்குனி வெயிலுக்கு இடுக்கு வழியே வெளிச்சம் வருகிறது. அதையெல்லாம் ஆசாரியின் கைவேலைக் குறை என்று திட்டித் தீர்க்கிறோம். பாவம் அந்த மனுஷர், கொடுத்த மரத்தைத்தானே இழைப்பார்?

இதற்கு விதி இல்லாமலும் இல்லை. எந்த வேலைக்கு எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று நாட்டைத் தட்பவெப்பப்படி நான்கு மண்டலமாகப் பிரித்து ஐ.எஸ். 287 என்று ஒரு இந்தியத் தரமே இருக்கிறது. நான் ஏறி இறங்கிய ஒரு மரக்கடையிலும் அந்த எண்ணைச் சொன்னால் தெரியவில்லை. தேக்கா, வேங்கையா, எந்த நாட்டு மரம் என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். ஈரம் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் என்னை ஏதோ போலீஸ்காரன் மாதிரி பார்க்கிறார்கள். நான் தள்ளுபடி கேட்கவில்லை, கடன் கேட்கவில்லை. ஈரமரம் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அதையே வாங்கி, மாடிப்படிக்கு அடியில் ஒரு வருஷம் அடுக்கி வைத்திருப்பேன். ஒரு வார்த்தைதான் கேட்டேன். அந்த ஒரு வார்த்தையில் பொய் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை.

போன சனிக்கிழமை இன்னொரு கடைக்கு ஈரமானியோடு போனேன். முள்ளைக் குத்தப் போகும்போதே கடைக்காரர் கையைப் பிடித்துவிட்டார். “அதெல்லாம் குத்தக் கூடாது சார். வாங்குறதுன்னா வாங்குங்க, இல்லைன்னா கிளம்புங்க.” ஊசிமுனை அளவுத் துளை அது, இழைப்புளி ஒரு தடவை ஓடினால் போய்விடும். வாங்காமல் வந்துவிட்டேன். மூன்றாவது கடையில் ஒரு பெரியவர், “இது ஈரம்தான் தம்பி, ஏமாத்தி விக்க மாட்டேன், வாங்கிப் போட்டு வைங்க” என்றார். பேரமே பேசாமல் அவரிடம் வாங்கினேன். இப்போது மாடிப்படிக்கு அடியில் ரீப்பர் வைத்து அடுக்கியிருக்கிறேன். இன்று காலை குத்திப் பார்த்தேன், 24. அம்மா இன்றைக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டாள்.