லாட்டரி ஆய்வு அப்படிச் சொல்லவில்லை
லாட்டரி அடித்தவரும் விபத்தில் கைகால் முடங்கியவரும் ஒரு வருடத்தில் ஒரே அளவு மகிழ்ச்சிக்குத் திரும்பிவிடுவார்கள் என்று இந்தக் கட்டுரையில் இருக்கிறதே, 1978-இல் உளவியலாளர் பிலிப் பிரிக்மன் குழு வெளியிட்ட ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை. பரிசு வென்றவர்கள் 22 பேர், முடங்கியவர்கள் 29 பேர், ஒப்பிடுவதற்கு எடுத்த சாதாரண ஆட்கள் 22 பேர், அவ்வளவுதான் ஆட்கள், அதிலும் முடங்கியவர்களின் மகிழ்ச்சி மதிப்பெண் சராசரி 5-க்கு 2.96, வென்றவர்களுடையது 4. இது சமமா? லாட்டரிக்காரர்களுக்கும் சாதாரண ஆட்களுக்கும் இடையில்தான் பெரிய வித்தியாசம் இல்லை. மேலே கருத்துகளில் ஒருவர் 'எல்லாம் பழகிவிடும்' என்று எழுதியிருக்கிறார், சரி, புது பைக் வாங்கிய சந்தோஷம் எனக்கு மூன்று மாதத்தில் பழகிவிட்டது, ஆனால் பக்கவாதத்தில் வலது கை போன என் பெரியப்பா ஆறு வருடமாகச் சட்டைப் பொத்தானோடு தினமும் காலையில் மல்லுக்கட்டுகிறார், அவருக்கு இன்னும் பழகவில்லை.